வெளுத்த தகட்டில் எல்லைச் சண்டை: 12 வாரப் பிரையோசோவா பதிவு

சென்ற வாரம் என் மேசைமீது ஆறு தகடுகள் காய்ந்து கிடந்தன. 12 வாரங்கள் கடலில் தொங்கி, பிறகு வெளுப்பான் திரவத்தில் ஊறி, தோலும் தசையும் நிறமும் போய், சுண்ணாம்புக் கூடு மட்டும் மிஞ்சிய தகடுகள் அவை. பிரையோசோவா என்பவை கடலடிப் பரப்புகளில் ஒட்டி, ஒன்றோடொன்று இணைந்த காலனிகளாக வளரும் மிகச் சிறிய விலங்குகள். அந்தத் தகடுகளில் இரண்டு பிரையோசோவா காலனிகள் முட்டிக்கொண்ட இடங்களை எண்ணியபோது 31 இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் எது எதன்மேல் ஏறியது, ஏறியபோது கீழே இருந்தது உயிரோடு இருந்ததா என்பதைக் கூட்டை மட்டும் பார்த்து எழுதி முடித்த பிறகே, வாரந்தோறும் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களைத் திறந்தேன். 19 இடங்களில் என் தீர்ப்பு சரி, 7 இடங்களில் தவறு, 5 இடங்களில் எதையுமே சொல்ல முடிந்திருக்கவில்லை. சரியான 19ஐவிடத் தவறான 7தான் எனக்குப் பயன்பட்டன. அவற்றைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இந்தச் சோதனை ஒழுங்காக நடந்ததே இது மூன்றாவது முயற்சி என்பதால்தான். முதல் இரண்டும் எப்படிக் கெட்டன என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த வேலையில் நான் இறங்கக் காரணம் ஒரு புதைபடிவச் சிப்பி ஓடு. பழைய கடலடிச் சமூகம் நம் கைக்கு வரும்போது பெரும்பாலும் கலைந்துதான் வருகிறது: ஓடுகள் உருண்டிருக்கும், உடைந்திருக்கும், வெவ்வேறு காலத்தவை ஒரே படுகையில் சேர்ந்திருக்கும். ஓட்டின்மீது ஒட்டிப் படர்ந்த பிரையோசோவாவோ அந்த ஓட்டில் தான் வாழ்ந்த இடத்திலேயே கல்லாகிக் கிடக்கும். பக்கத்துக் காலனியோடு அது போட்ட எல்லைச் சண்டையும் அப்படியே நின்றிருக்கும். காலனியின் தனித்தனி உறுப்பினர்களான, அரை மில்லிமீட்டர் அளவுள்ள சூவாய்டுகள் ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து வளர்வதால், இரண்டு காலனிகள் சந்திக்கும் விளிம்பை ஒரு கைக்குள் அடங்கும் ஓட்டில் பத்து இடங்களில்கூடப் பார்க்க முடியும். இத்தகைய விளிம்புகளை எண்ணித்தான் புதைபடிவ ஆய்வாளர் பிராங்க் மெக்கின்னி, சுமார் 10 கோடி ஆண்டுக் காலப் பதிவில், பெட்டிபோன்ற அறைகளும் வாய்க்கு மூடியும் உள்ள கைலோஸ்டோம் வகையும் குழாய்போன்ற அறைகள் உள்ள சைக்ளோஸ்டோம் வகையும் மோதிய இடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் கைலோஸ்டோமே மேலே ஏறியிருப்பதாக 1995இல் காட்டினார். என்னிடமிருந்த ஓட்டில் நான்கு விளிம்புகள் இருந்தன. அவற்றைப் பார்த்து முடிவு சொல்வதற்கு முன், முடிவு முன்பே தெரிந்த விளிம்புகளில் என் கண்ணைப் பழக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் முயற்சியில் 10 செ.மீ. சதுரமுள்ள பளபளப்பான அக்ரிலிக் தகடுகள் நான்கை, ஒரு மிதவைத் துறையின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, ஒரு மீட்டர் ஆழத்தில், முகம் வானத்தைப் பார்க்கும்படி கட்டினேன். வெளிச்சம் பட்டால் எல்லாம் நன்றாக வளரும் என்ற தோட்டக்கார நினைப்பு அது. ஐந்து வாரம் கழித்து எடுத்தபோது பச்சைப் பாசியும் அதன்மேல் ஒரு விரற்கடை வண்டலும்தான் இருந்தன. வண்டலைக் கழுவிய பிறகு கிடைத்தவை இரண்டு குழாய்ப்புழுக்களும், தகட்டின் அடிப்பக்கத்தில், நான் பார்க்கவே நினைக்காத பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் படர்ந்திருந்த ஒரு பிரையோசோவாவும். அந்தக் காலனியே எனக்குப் பாடம் சொல்லிவிட்டது. கடலடியில் பிரையோசோவாக்கள் பாறையின் கீழ்ப்பக்கத்தையும் ஓட்டின் உட்குழிவையும் நாடுவது பெரும்பாலும் வண்டலும் பாசியும் அங்கே குறைவு என்பதால்தான். புத்தகத்தில் படித்திருந்தும் கட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் முயற்சிக்குச் சாம்பல் நிற பி.வி.சி. தகட்டை 15 செ.மீ. சதுரங்களாக வெட்டிக்கொண்டேன், கனம் 5 மி.மீ. ஒரு முகத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். லார்வாக்கள் வழவழப்பான பரப்பிலும் ஒட்டும். ஆனால் சொரசொரப்பில் ஒட்டியவை பிற்பாடு கையாளும்போது உரிந்து வருவது குறைவு. தகட்டின் எண்ணை அழியாத மையால் எழுதியது அடுத்த தவறு. நான்காவது வாரத்திலேயே பாதி எண்கள் மங்கிவிட்டன. அதைவிடப் பெரிய தவறு, தகட்டின் நடுவில் ஒரே துளையிட்டு ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டது. நீரோட்டத்தில் தகடுகள் பம்பரம்போலச் சுற்றி ஒன்றோடொன்று உரசின. விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. வரை எதுவும் வளரவில்லை. வளர்ந்த கொட்டலசுகளின் உச்சிகளும் உடைந்திருந்தன. எட்டாவது வாரத்தில் ஒரு கயிறு அறுந்து மூன்று தகடுகள் போயின. மிச்சமிருந்தவற்றில் ஏழே ஏழு மோதல் விளிம்புகள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது முறை அமைப்பை மாற்றினேன். தகட்டின் நான்கு மூலைகளிலும் 6 மி.மீ. துளை, எண்ணுக்குப் பதிலாக ஓரத்தில் ரம்பத்தால் வெட்டிய சிறு பள்ளங்கள், முதல் தகட்டுக்கு ஒன்று, ஆறாவதற்கு ஆறு. ஒரு பி.வி.சி. குழாய்ச் சட்டத்தில் ஆறு தகடுகளையும் தேய்த்த முகம் கீழ்நோக்கும்படி கேபிள் டையால் இறுக்கி, சட்டத்தின் அடியில் இரண்டு செங்கற்களைக் கட்டி, நான்கு கயிறுகளால் மிதவையிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நிறுத்தினேன். மிதவை கடல் மட்டத்தோடு ஏறி இறங்குவதால் ஆழம் மாறவில்லை; நிலையான தூணில் கட்டியிருந்தால் வற்றும்போது தகடுகள் வெளியே தெரிந்திருக்கும். சட்டம் செய்ய ஒரு பகல் போயிற்று, கட்ட ஒரு மணி நேரம். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாராவது முயன்றால், அந்த ஒரு பகலை முதலிலேயே செலவிடும்படி கேட்டுக்கொள்வேன். நான் அதை மிச்சம் பிடிக்கப் போய் நான்கு மாதங்களை இழந்தேன்.

ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் தகடுகளை எடுத்து, மூடியுள்ள தட்டையான தொட்டியில் கடல்நீரோடு வைத்துப் படம் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பக் கட்டினேன். தகட்டைக் காற்றில் வைத்துப் படமெடுத்தால் ஈரப் பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். நிமிர்ந்து வளரும் கிளைகளும் துணி நனைந்ததுபோல ஒட்டிக்கொள்ளும். இரண்டு செ.மீ. நீருக்கு அடியில் தகட்டைக் கிடத்தி, இருபுறமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து, கேமராவை நேர்மேலே தாங்கியில் பொருத்தினால் சூவாய்டுகளின் வரிசைகூடத் தெரியும். சட்டகத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலும் மூலைப் பள்ளமும் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்றாவது வாரம் அளவுகோலை மறந்தேன்; நல்லவேளையாகத் துளைகளின் இடைவெளி தெரிந்திருந்ததால் அதை வைத்து அளவைச் சரிசெய்துகொண்டேன்.

முதல் வாரத்தில் தகடுகளில் வழுக்கலான நுண்ணுயிர்ப் படலம் மட்டும்தான். இரண்டாவது வாரம் உருப்பெருக்கியில் பார்த்தபோது முதல் ஆன்செஸ்ட்ருலாக்கள் தெரிந்தன. லார்வா ஒட்டி உருமாறி ஆகும் முதல் சூவாய்டு அது. காலனி முழுவதும் அதிலிருந்து மொட்டுவிட்டுத்தான் பெருகுகிறது. நான்காவது வாரத்தில் வாட்டர்சிப்போரா என்ற பிரையோசோவா ஒரு நாணயம் அளவுக்கு இருண்ட வட்டமாகப் படர்ந்துவிட்டது. ஸ்கைசோபொரெல்லா, மெம்பிரானிப்போராவின் உறவில் வரும் பாய்போன்ற ஓர் இனம், புதராக நிமிர்ந்த புகுலா நெரிட்டினா, சுண்ணாம்பே இல்லாமல் நூல்போல ஊர்ந்து செல்லும் டீனோஸ்டோம் வகைப் பிரையோசோவா ஒன்று, பொத்தான் அளவுக்குமேல் வளராத சில சைக்ளோஸ்டோம் வட்டுகள், இவற்றோடு கொட்டலசு, குழாய்ப்புழு, கூட்டமாகப் படரும் மெல்லுடல் விலங்கான கூட்டு அசிடியன், சிறு சிப்பிகள் எல்லாம் பத்தாவது வாரத்துக்குள் வந்து சேர்ந்தன. அதன்பிறகு வெற்றிடம் இல்லை. வளர்வது என்றால் யாரோ ஒருவர்மீது ஏறித்தான் வளர வேண்டும். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

தகடுகளை வெளுப்பதற்கு முன் உயிரோடு நுண்ணோக்கியில் பார்க்க இரண்டு நாட்கள் ஒதுக்கியிருந்தேன். முதல் நாள் முழுவதும் மூடிய கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரையோசோவாவுக்கு அதிர்வு ஆகாது. மேசையில் குவளையை வைத்தால்கூட உணவு பிடிக்கும் உணர்நீட்சிக் கிரீடம் நொடியில் உள்ளே போய்விடும். நுண்ணோக்கியின் பழைய மின்குமிழ் தட்டிலிருந்த நீரைச் சூடாக்கிக்கொண்டிருந்ததும் பிற்பகலில்தான் புரிந்தது. மறுநாள் குளிர்ந்த எல்.இ.டி. விளக்குக்கு மாறி, புதுக் கடல்நீர் ஊற்றி, நுண்பாசி வளர்த்த நீரில் சில சொட்டுகளைப் பிப்பெட்டால் விட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு 20 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தேன். முதலில் ஒரு மூடி மயிரிழை அளவு திறந்தது. உள்ளிருந்து மூடிய குடைபோல ஓர் உணர்நீட்சிக் கற்றை மெல்ல மேலே வந்து, நின்று, பிறகு விரிந்து புனலானது. அடுத்த நிமிடத்துக்குள் அந்தக் காலனியின் முகம் முழுவதும் புனல்களாகிவிட்டது. பாசித் துகள்கள் புனலின் நடுவை நோக்கி இறங்கி, நீட்சிகளின் இடைவெளி வழியாக நீர் வெளியேறுவது தெளிவாகத் தெரிந்தது. கதிரையை நகர்த்தினேன், எல்லாம் உள்ளே போயிற்று.

இந்தக் கட்டத்தில் செய்த ஒரு தவறு கணக்கையே கெடுத்திருக்கும். பாய்போன்ற அந்த இனத்தின் முன்சவ்வு கண்ணாடிபோல இருப்பதால் சூவாய்டின் உள்ளே பார்க்க முடியும். பல அறைகளில் விலங்கே இல்லாமல் ஒரு பழுப்பு உருண்டை மட்டும் இருந்தது. அவற்றை இறந்தவை என்று குறித்து, காலனியின் நடுப்பகுதி செத்துவிட்டது என்றும் எழுதிவிட்டேன். உண்மையில் அது பழுப்புடலம். பிரையோசோவாவில் உணவுண்ணும் பாகமான பாலிப்பைடு அவ்வப்போது தேய்ந்து சுருங்கி இப்படி உருண்டையாகி, அதே அறையில் புதிய பாலிப்பைடு முளைப்பது வழக்கமான நிகழ்ச்சி. அவ்வாறு குறித்த பகுதிகள் மறுவாரப் படத்தில் மீண்டும் புனல் விரித்திருந்தன. எனவே உயிருள்ளதா இறந்ததா என்று தீர்மானிக்க வளரும் விளிம்பையும் மூடிகளையும் பார்க்க வேண்டுமே தவிர, ஒரு நாள் நிலவரத்தை வைத்து அறைகளை எண்ணக் கூடாது.

இனி வெளுத்தல். வீட்டுச் சுத்திகரிப்புக்கு விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், சுமார் 5 சதவீதம் உள்ளது, இதற்குப் போதும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அமிலத்தோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஆல்கஹாலில் பாதுகாத்த மாதிரியை அலசாமல் அப்படியே இதில் போடுவதும் ஆபத்து. நான் செய்த பிழை வேறு வகை. இரண்டாம் முயற்சியில் மிஞ்சிய ஒரு தகட்டைக் கரைசலை நீர் கலக்காமல் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவிட்டேன். காலையில் புகுலா இருந்த இடத்தில் வெள்ளைத் தூள். ஊர்ந்து படர்ந்த டீனோஸ்டோம் தடமே இல்லை. பாய்போன்ற காலனி தகட்டிலிருந்து கழன்று முழு விரிப்பாக மிதந்துகொண்டிருந்தது. அதன் அடிச்சுவரைத் தகட்டோடு ஒட்டியிருந்தது கரிமப் பொருள்தான். அதையும் கரைசல் தின்றுவிட்டது. யார் மேலே யார் கீழே என்று பார்ப்பதற்காக வளர்த்த தகட்டில் மேலும் கீழும் தனித்தனியாக மிதந்தால் என்ன செய்வது.

இதே தகட்டில் இன்னொன்றையும் இழந்தேன். வாட்டர்சிப்போரா இனங்களைப் பிரித்தறிய அவற்றின் மூடியின் வடிவமும் அதன் நடுவிலுள்ள கருமையான பட்டையும் முக்கியமான அடையாளங்கள். மூடி கைட்டினால் ஆனது, வெளுத்தால் போய்விடும். வாயின் விளிம்பு, அதன் கீழ்ப்பக்கப் பள்ளம் ஆகியவை சுண்ணாம்பில் நிற்கின்றன, மூடி நிற்பதில்லை. அதனால் என் குறிப்பேட்டில் அந்தக் காலனியின் பெயர் பேரினத்தோடு நின்றுவிட்டது. அதன்பின் ஒவ்வொரு காலனியிலிருந்தும் வெளுப்பதற்கு முன்னரே நான்கைந்து சூவாய்டுகளை ஊசியால் பெயர்த்து, 70 சதவீத எத்தனாலில் சிறு குப்பியில் போட்டு, தகட்டு எண்ணை எழுதி வைக்கிறேன். ஸ்கைசோபொரெல்லாவிலும் இதே கதைதான்: வாயின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவிகுலேரியம், அதாவது பறவைத் தலைபோல அலகை மூடித் திறக்கும் உணவுண்ணாத சூவாய்டு, வெளுத்த பிறகு அலகை இழந்து வெறும் குழியாகவும் அலகு அசைந்த அச்சின் குறுக்குக்கட்டையாகவும் தெரியும். உயிரோடு பார்க்காதவருக்கு அந்தக் குழி என்ன என்று ஊகிக்கத் தோன்றாது. புதைபடிவத்தைப் பார்ப்பவர் எப்போதுமே அந்த நிலையில்தான் இருக்கிறார்.

மூன்றாம் முயற்சியில் ஒரு பங்கு கரைசலுக்கு நான்கு பங்கு நீர் கலந்தேன். தகட்டைக் கிடத்தி மெல்ல ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பழையதை வடித்துப் புதியதை ஊற்றினேன். பொங்கி வரும் நுரை அடங்குவதே ஒரு சுற்று முடிந்ததற்கான அறிகுறி. மூன்று சுற்றில் பெரும்பாலான தகடுகள் வெளுத்துவிட்டன. அசிடியன் மூடியிருந்த ஐந்தாம் தகட்டுக்கு ஐந்து சுற்று ஆயிற்று, அதிலும் அசிடியனை முன்னதாகவே இடுக்கியால் உரித்த பிறகு. பிரஷ் போடவில்லை, ஒலியலைக் கழுவியின் பக்கமே போகவில்லை. மெல்லிய முன்சுவர்கள் அதில் நொறுங்கும். பிறகு நன்னீரில் ஆறு முறை, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலசி நிழலில் உலர்த்தினேன். முதலில் நான்கே முறை அலசிய தகட்டில் அழகான நுண்முட்கள் முளைத்திருந்தன. அவற்றை அரைப் பக்கம் படமாக வரைந்த பிறகு, ஒரு சொட்டு நீர் பட்டுக் கரைந்தன. உப்புப் படிகம்.

தகடுகளை நுண்ணோக்கியின் அடியில் கொண்டுபோக வெட்ட வேண்டியிருந்தது, அதுவும் எனக்குச் சேதம்தான். பல் நுணுக்கமான ரம்பத்தால் மெதுவாக அறுத்தும், அதிர்வில் ஸ்கைசோபொரெல்லா விரிப்பு இரண்டு இடங்களில் விரிசல் விட்டது. மோதல் விளிம்பு ஒன்று அந்த விரிசலோடு போயிற்று. அதை 31இல் சேர்க்கவில்லை.

அறுத்த துண்டுகளில் ஒன்றுதான் இந்த வேலையிலேயே நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் தகட்டில் நகம் அளவுள்ள ஒரு சிப்பி, அந்த நூல்போன்ற டீனோஸ்டோமின்மேல் படர்ந்து வளர்ந்திருந்தது எட்டாவது வாரப் படத்தில் தெரிந்தது. வெளுத்த பிறகு டீனோஸ்டோம் எங்கும் இல்லை. சிப்பியின் ஒட்டிய ஓட்டைக் கத்தி முனையால் நெம்பிக் கழற்றி, அடிப்பக்கத்தைத் திருப்பி, விளக்கைப் பக்கவாட்டில் ஏறக்குறைய படுக்கவைத்துப் பார்த்தேன். ஓட்டின் அடியில், தலைமுடியைவிடச் சற்றே அகலமான ஒரு பள்ளம் வளைந்து சென்றது; அதன் இருபுறமும் குண்டூசித் தலைபோலச் சிறு குழிகள், சில இடங்களில் ஒன்றாக, சில இடங்களில் இரண்டாக. சூவாய்டுகள் நின்ற இடங்கள் அவை. சுண்ணாம்புக் கூடே இல்லாத விலங்கின் உருவம், அதை நசுக்கி வளர்ந்த சிப்பியின் ஓட்டில் அச்சாக நின்றிருந்தது. பழங்காலத்து டீனோஸ்டோம்கள் பல நமக்குத் தெரிய வந்தது சிப்பிகளின் அடியிலிருந்த இத்தகைய அச்சுகளால்தான். படித்த செய்தியை என் தகட்டிலேயே, வெறும் 12 வாரத்தில், விரல் நுனியில் பிடித்துப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

புகைப்படங்களைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதும் கண்மூடிச் சோதனையை ஒரே இடத்தில் உட்கார்ந்து முடிக்கவில்லை. நாளைக்கு ஒரு தகடு என்று ஆறு நாள் ஆயிற்று. நினைவு உதவிவிடக் கூடாது என்பதற்காகத் தகடுகளை நண்பர் ஒருவர் கலைத்துக் கொடுத்தார், மூலைப் பள்ளங்களை நாடாவால் மறைத்து. ஒவ்வொரு விளிம்புக்கும் மூன்று பதில்களில் ஒன்று: இன்னது மேலே, இரண்டும் முட்டி நின்றன, சொல்ல இயலாது.

தவறிய ஏழில் நான்கு ஒரே வகை. ஒரு காலனி மற்றொன்றை வென்று மேலேறியதாக எழுதியிருந்தேன். படங்களில் பார்த்தால், கீழே இருந்தது இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இறந்து, காலியான கூடாகக் கிடந்து, அதன்மேல் புதியது வெற்றிடத்தில் படர்வதுபோலப் படர்ந்திருந்தது. சண்டையே நடக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் தோற்றம் ஒன்றுதான். அந்த நான்கு இடங்களிலும் மேல் விரிப்பை ஊசியால் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பெயர்த்துப் பார்த்தேன். கீழ்க் காலனியின் வாய்களில் சாம்பல் நிற வண்டல் அடைத்திருந்தது, விளிம்புகள் மழுங்கியிருந்தன, ஓர் அறைக்குள் குழாய்ப்புழுக் குஞ்சு ஒன்று குடியிருந்ததற்கான சுருள்கூட இருந்தது. உயிருள்ளதன்மேல் ஏறியதாகப் படங்கள் உறுதிசெய்த இரண்டு இடங்களிலும் அதேபோல் பெயர்த்தேன். அங்கே கீழே இருந்த அறைகள் வெள்ளையாகக் காலியாக இருந்தன. வாயின் நுண்பற்கள்வரை கூர்மையாக இருந்தன. மேலே மூடப்பட்டபோதுதான் அவை இறந்தன, வண்டல் நுழைய நேரமில்லை.

எஞ்சிய மூன்று தவறுகளில், முட்டி நின்ற விளிம்பை ஏறியதாகப் படித்திருந்தேன். இரண்டு காலனிகள் உயிரோடு முட்டினால் விளிம்புச் சூவாய்டுகள் சில சமயம் நிமிர்ந்து சுவர்போல எழும்புகின்றன. வரிசைகள் திசை திரும்பிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. எழும்பிய சுவர் உலர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்தின்மேல் ஏறியதாகத் தோன்றுகிறது. இதைக் கண்டுகொள்ளச் சூவாய்டு வரிசைகளின் திசையைப் பார்க்க வேண்டும்: உண்மையில் ஏறிய காலனியில் வரிசைகள் விளிம்பைக் கடந்து நேராகத் தொடர்கின்றன, முட்டி நின்றதில் மடங்குகின்றன. மற்றொரு நிலை, ஒரே எல்லையில் ஓர் இடத்தில் இது மேலே, இரண்டு செ.மீ. தள்ளி அது மேலே என்று மாறி மாறி வந்தால், அப்போது இரண்டும் உயிரோடு இருந்தன என்று தைரியமாகச் சொல்லலாம். அப்படிப்பட்ட மூன்று எல்லைகளையும் நான் சரியாகவே படித்திருந்தேன். சைக்ளோஸ்டோம் சம்பந்தப்பட்ட மோதல்கள் மூன்றுதான். மூன்றிலும் அது கீழே.

இந்த அளவுகோல்களோடு புதைபடிவ ஓட்டுக்குத் திரும்பினேன். மென்மையான தூரிகையும் சோப்பு நீரும் கொண்டு கழுவி, நிறங்களின் குழப்பம் நீங்க அமோனியம் குளோரைடு வெண்பூச்சு ஏற்றினேன். ஒரு கண்ணாடிக் குழாயில் அந்த உப்பைச் சூடாக்கி, எழும் வெண்புகையை மாதிரியின்மேல் ஒரு பக்கமிருந்து ஊதினால் மெல்லிய மாவுபோலப் படியும், நிழல் துல்லியமாகும், பிறகு நீரில் கழுவிவிடலாம். புகைப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும். மழை ஈரம் நிறைந்த நாளில் செய்ததால், முதல் பூச்சு நான் கேமராவைக் குவிப்பதற்குள் ஈரம் உறிஞ்சி மெழுகாகிவிட்டது. கழுவி உலர்த்தி, காற்று வறண்ட மற்றொரு நாள் வரை காத்திருந்து, விளக்கையும் கேமராவையும் முன்னரே தயாராக வைத்துவிட்டு ஏற்றினேன்.

நான்கு விளிம்புகளில் ஒன்றைப் பற்றி மட்டும் என்னால் எழுத முடிந்தது. கைலோஸ்டோம் விரிப்பு ஒன்று ஒரு சைக்ளோஸ்டோமின்மேல் ஏறியிருக்கிறது. ஏறிய விளிம்பு இயல்பாகவே உடைந்திருந்ததால் எதையும் பெயர்க்காமலே கீழே பார்க்க முடிந்தது. கீழுள்ள குழாய்களின் வாய்கள் தேயாமல், நிரம்பியிருந்ததும் வண்டலால் அல்ல, கால்சைட் என்ற தெளிந்த சுண்ணாம்புப் படிகத்தால். இரண்டாவதில் கீழ்க் காலனி வண்டல் அடைத்து மழுங்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் அதைத்தான் வெற்றி என்று கொட்டை எழுத்தில் குறித்து வைத்திருந்தேன், இப்போது அடித்துவிட்டேன். மற்ற இரண்டில், கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க மேல் விரிப்பை உடைக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே ஓடு என்பதால் உடைக்கவில்லை.

அடுத்த சட்டம் ஏற்கனவே நீரில் இருக்கிறது. இம்முறை பெரிய தகடுகளை விட்டுவிட்டு, ஒரு தாங்கு பலகையில் 5 செ.மீ. சதுரத் தகடுகள் ஒன்பதை இடைவெளியின்றி, ஒவ்வொன்றும் பின்பக்கம் ஒரு துருப்பிடிக்காத திருகால் பிடித்திருக்கும்படி அடுக்கியிருக்கிறேன். வேண்டியதை மட்டும் கழற்றி நேரே நுண்ணோக்கிக்குக் கொண்டுபோகலாம், ரம்பம் வேண்டாம். ஒன்பதில் மூன்றை நான்காவது வாரத்தில் ஒரு கலனில் மூன்று நாள் இருட்டில் நன்னீரில் வைத்து, அவற்றிலுள்ள காலனிகளைக் கொன்ற பிறகு திருப்பிப் பொருத்தப் போகிறேன். அப்போது எந்தக் கூடு எந்த நாளில் காலியானது என்பது தேதியோடு தெரியும். அதன் வாயில் வண்டல் நிரம்ப எத்தனை நாள் ஆகிறது என்பதையும் வாரவாரம் அளக்கலாம். நேற்றைய படத்தில் ஏழாம் தகட்டின் ஓரத்தில் இரண்டு ஆன்செஸ்ட்ருலாக்கள் இருந்தன, 11 மி.மீ. இடைவெளியில்.